அம்பியின் விசில்

அம்பி மூன்றாவது முறையாக விசில் ஊதினார்.

"கொடி இறங்கறதுக்குள்ளே மயிலாப்பூர் வண்டி முந்திடுத்து. ரெண்டு பேரும் திரும்பி வாங்கோ."

ஈக்காட்டுத்தாங்கல் பொட்டலில் கூடியிருந்த ஜனம் உச்சுக் கொட்டியது. புழுதி கிளப்பிக்கொண்டு பறந்த இரண்டு மோட்டார் சைக்கிளும் முக்கி முனகித் திரும்பி வந்தன.

ஹபீபுர் ரஹ்மான் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பந்தயம் நடத்துகிறவர் அவர்தான். ராயப்பேட்டையில் ரிப்பேர் ஷாப். சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டிகளைப் பார்த்து வந்த ஆசை இது. ராயப்பேட்டை வண்டி ஒன்று, மயிலாப்பூர் வண்டி ஒன்று, நேர்கோட்டில் கால் மைல்.

கோப்பை அவர் செலவு. ரேஷன் கூப்பனுக்கு மேல் வாங்கும் பெட்ரோலும் அவர் செலவு. வரவு என்று பார்த்தால், வேலியில்லாத பொட்டலில் யாரிடம் டிக்கெட் விற்பது? துண்டை ஏந்திப் போனால் ஜனம் வானத்தைப் பார்க்கும். பந்தயமோ அரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இந்த முறையும் கையைக் கடித்தால் பந்தயத்துக்குத் தலைமுழுகிவிடுவதாக மனைவி ஹாஜிரா பீயிடம் அவரே சொல்லியிருந்தார். சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தயத்தன்று ஹாஜிரா பீ கல்யாணத்துக்குச் சமைக்கிற பெரிய தேக்சா நிறைய கைமா சமோசா பொரித்துக்கொண்டு வந்து, புளியமரத்தடியில் கடை போட்டுவிட்டார்.

முதல் விசிலுக்குக் கூட்டம் சிரித்தது. இரண்டாவதற்குப் பசித்தது. மூன்றாவதற்கு மரத்தடியில் தள்ளுமுள்ளு.

ரஹ்மான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. விசிலுக்கு விசில் பெட்ரோல் எரிந்தது. கூடவே அவர் வயிறும் எரிந்தது.

தப்பு எங்கே என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஆனால் அம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தும் பொய் பேசாதவர் என்று இரண்டு பேட்டையும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவர். கைமா வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆனாலும் அன்று கழுத்தை நீட்டி நீட்டி மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது முறை வண்டிகள் கோட்டில் நின்றன. அம்பி கொடியைத் தூக்கினார்.

கொடி இறங்குவதற்குள் ராயப்பேட்டை வண்டி ஒரு வண்டி நீளம் பாய்ந்துவிட்டது. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். எல்லாரும் விசிலுக்குக் காத்திருந்தார்கள்.

அம்பி விசிலை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ராயப்பேட்டை ஜெயித்தது. மயிலாப்பூர்க்காரர்கள் தங்கள் பேட்டை மனிதரையே அடிக்கப் பாய்ந்தார்கள். ரஹ்மான் குறுக்கே விழுந்து, அவரை மரத்தடிக்கு இழுத்து வந்தார்.

"இவருக்கு கண்ணு போய் கீது, ஹாஜிரா. அடுத்த தபா வேற ஆள பாக்கணும்."

சொன்ன பிறகுதான் அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்பது நினைவுக்கு வந்தது.

ஹாஜிரா பீ முந்தானை முடிச்சை அவிழ்த்து, சமோசா விற்ற காசைக் கணவர் கையில் கொட்டினார். கை கொள்ளாமல் தரையில் சிந்தியது.

"இவரு இல்லாங்காட்டி அடுத்த தபாவே இல்லீங்க."

அம்பி அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வேறெங்கோ பார்த்தார்.

பக்கத்தில் தேக்சா காலியாகிக் கவிழ்ந்து கிடந்தது. நாலாவது கொடிக்குச் சற்று முன்புதான், அம்பிக்குத் தெரிகிற மாதிரி, ஹாஜிரா பீ அதைக் கவிழ்த்து வைத்திருந்தார்.