மொட்டுக்காட்டின் மேலே

திருமங்கலத்துக்கு மேற்கே, மல்லிகைத் தோட்டத்தில் கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. வானத்தில் சரம் தொடுத்தாற்போல் ஒளிப்புள்ளிகள் வரிசையாய் ஊர்கின்றன. பூப்பறிக்கும் ஒச்சாயி நெற்றியில் கட்டிய டார்ச்சைச் சட்டென்று அணைக்கிறாள். "ஏலியனுங்க, அண்ணே! நம்மள அழிக்க வாராங்களாம், போன்ல பாத்தேன்!" அடுத்த வரிசையில் அழகுபாண்டி சிரிக்கிறான். "லைட்டப் போடு தாயி. மொட்டு விரிஞ்சுட்டா மார்க்கெட்ல எவனும் சீந்த மாட்டான். மேலருந்து பாத்தா டார்ச்சோட நாமளும் இப்படி வரிசையாத்தான் தெரிவோம். நாம என்ன சண்டைக்கா வந்திருக்கோம்?" டார்ச் மறுபடி எரிகிறது. அந்த வெளிச்சத்தில் பனி கோத்த மொட்டுகள் வெள்ளைவெளேரென்று நிமிர்ந்து நிற்கின்றன. கிள்ளப்போன அவள் விரல்கள் அந்தரத்தில் தயங்குகின்றன. "சண்டைக்கு வரலண்ணே," என்கிறாள் ஒச்சாயி மெதுவாக. "விரியறதுக்குள்ள பறிச்சுட்டுப் போக வந்திருக்கோம்."