வாய் அசையக் கூடாது

சமையலறை மேடையில் பிளாஸ்டிக் தொட்டிக்குள் உட்கார்ந்து பேரன் தண்ணீரை அறைந்துகொண்டிருக்கிறான். தலை முழுக்க சோப்பு நுரை, ஜன்னல் வெயிலில் மினுங்குகிறது. குளிப்பாட்டும் தாத்தா ஒரு கையால் அவன் முதுகைத் தாங்கி, மறு கையில் குவளையைத் தூக்குகிறார். துண்டோடு வாசலில் நிற்கும் மகள் பிள்ளையைப் பார்க்கவில்லை. அப்பாவின் உதடுகளைப் பார்க்கிறாள். "தண்ணிய மட்டும் ஊத்துங்கப்பா. வாய் அசையக் கூடாது." பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லி ஊற்றிவிட்டால் இந்தக் குளியலே ஞானஸ்நானம் ஆகிவிடும் என்பது, கோயில் பக்கம் போவதையே எப்போதோ விட்டுவிட்ட அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. குவளை அந்தரத்தில் நிற்கிறது. "திருட்டுத்தனமா செய்ய மாட்டேன்," என்கிறார் அவர். "செய்வீங்க. உங்கள எனக்குத் தெரியாதா? வளர்ந்து அவனே முடிவு பண்ணட்டும்." "அவனக் கேட்டுத்தான் தமிழ் பேசக் கத்துக்குடுக்கறியா?" "பேச்சு யாரையும் பயமுறுத்தாது. உங்க நரகத்துக்குப் பயந்து பயந்தே வளர்ந்தவ நான்." குழாய் சொட்டுகிறது. அவர் திரும்பி முதன்முறையாக அவள் முகத்தைப் பார்க்கிறார். "இப்பதான் பயம் போயிடுச்சே. அப்புறம் ஏன் என் வாயையே பாத்துட்டு நிக்கற? உனக்கு இது வெறும் தண்ணிதானே." நுரை வழிந்து கண்ணில் பட, பிள்ளை வீறிடுகிறான். துண்டை எறிந்துவிட்டு வந்து அவர் கையிலிருந்து குவளையைப் பிடுங்கி, மகனின் தலைக்கு மேல் தானே சாய்க்கிறாள், தன் உதடுகளை இறுகக் கடித்துக்கொண்டு.