கீழ்க்கோட்டில் மூன்று

"நூத்துத் தொண்ணூத்தெட்டு" என்றாள் கறாரக்கா.

"இருநூத்தி ஒண்ணு" என்றான் சொப்பனம்.

ஒரே தட்டு, அதில் கோடு போட்ட ஒரே கட்டம், ஒரே மைக்ராஸ்கோப். ஆளுக்கு ஒரு தடவை எண்ணியாயிற்று. மாதிரிக்கு எடுத்ததில், கட்டத்துக்குள் இருநூறு இருந்தால்தான் மொத்தத்தையும் மாடிக்கு அனுப்பலாம். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போய் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் எண்ணத் தெரிந்தவர்களே அந்த இரண்டு பேர்தான்.

விடியற்காலையில் இறந்துபோன யாரோ ஒருவரின் கணையம். புண்ணியவான்கள், வீட்டார் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இன்சுலின் சுரக்கிற செல் கொத்துகளை மட்டும் பிரித்தெடுப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது. மாடியில் சர்க்கரை நோயாளி ஒருவர் காலையிலிருந்து பட்டினியாகக் காத்திருக்கிறார். பெயர் கிடையாது. கீழ்த்தளத்துக்கு அவர் வெறும் பதினேழாம் நம்பர்.

சொப்பனம் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஆனால் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஆள் இங்கே இருக்கமாட்டான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அக்காவுக்கு வந்த பெயருக்கும் காரணம் உண்டு. பெற்ற தாயே வந்தாலும் கையுறை போடாமல் உள்ளே விடமாட்டாள். கைப்பையில் எப்போதும் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் இருக்கும். யாருக்காவது ஒன்று கொடுத்திருப்பாளா? மூச்!

சொப்பனம் மறுபடி குனிந்து பார்த்தான்.

மங்கிய வெளிச்சம். சாயம் ஏறிய கொத்துகள், மாதுளை முத்துகள் மாதிரி, சிவப்புச் சிவப்பாக மிதந்துகொண்டிருந்தன. விடியற்காலை வரை ஒருவர் உடம்பில் இருந்தவை. இன்று இன்னொருவர் உடம்பில் குடியேறி, சர்க்கரையை ருசி பார்த்து, வேலையைத் தொடங்கப் போகிறவை. பார்க்கப் பார்க்க அறை மறைந்துபோயிற்று. ஒரு தெரு வந்தது. சாயங்கால வெயிலில் ஒரு பெண் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே போகிறாள். ஊசி இல்லை, விரலைக் குத்தி ரத்தம் பார்ப்பது இல்லை. பின்னால் அவள் அம்மா கையை வீசிக்கொண்டு நிம்மதியாக நடந்து வருகிறாள். எவ்வளவு நன்றாக இருக்கிறது!

"தம்பி, எங்க போயிட்ட?"

சொப்பனம் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, கட்டத்தோட கீழ்க்கோட்டுல மூணு உட்கார்ந்திருக்கு, பாருங்க."

"பார்த்தேன். மேல்கோட்டுலயோ இடக்கோட்டுலயோ உட்கார்ந்தா எண்ணலாம். கீழ்க்கோடு, வலக்கோடுன்னா விட்டுடணும். உனக்குத் தெரியாததா?"

"வாசல் வரைக்கும் வந்தது அக்கா. பாதி உள்ளதான் இருக்கு."

"பாதி வெளிய இருக்கே."

"ரெண்டு குறைஞ்சா குடி முழுகிடுமா?"

"முழுகும். இன்னைக்கு ரெண்டுன்னு விட்டா நாளைக்கு இருபது. குறைச்சலாப் போட்டா கொஞ்ச நாள்ல எல்லாம் ஓஞ்சுபோயிடும். ஊசி திரும்ப வந்துடும். உடம்பு ஏத்துக்கறதுக்காகக் குடுத்த மாத்திரையோட அவஸ்தைதான் மிச்சம்."

சொப்பனத்துக்குப் பொறுக்கவில்லை. தெருவில் அந்தப் பெண் இன்னும் ஐஸ்கிரீமோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நெஞ்சுல என்ன கல்லா அக்கா வச்சிருக்கீங்க? பதினேழாம் நம்பருக்கும் ஒரு அம்மா இருப்பாங்க. காலையிலேர்ந்து சாமியை வேண்டிக்கிட்டு இருப்பாங்க. அவங்க முகத்தைப் பார்த்து, 'ரெண்டு குறைஞ்சுது, வீட்டுக்குப் போங்க'ன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலிலிருந்து எண்ணினாள். எண்ணும் கருவி டிக், டிக் என்று போய்க்கொண்டே இருந்தது. முடித்துவிட்டுக் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். திரும்பவும் எண்ணினாள். மனசு இளகிவிட்டது, இந்தத் தடவை இருநூறு என்று சொல்லிவிடுவாள் என்று சொப்பனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நூத்துத் தொண்ணூத்தெட்டு."

பிறகு மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையைத் துடைத்தாள். கொஞ்சம் அதிக நேரம் துடைத்தாள்.

விதிப்படி அவள் சொன்னதுதான் சரி. அது சொப்பனத்துக்கும் தெரியும். 201-ஐ அடித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். தட்டோடு மொத்தமும் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போயிற்று. 'இன்று இல்லை' என்ற தகவல் மாடிக்குப் போயிற்று.

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சொப்பனத்துக்கு மனசு கேட்கவில்லை. கல் நெஞ்சு என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பின்னாலேயே போனான்.

அக்கா நடைக்கோடியில், சுவரைப் பார்த்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அழாதடி கண்ணு... ஆமா, எனக்கும் தெரியும்... வெறும் வயித்தோட எழுந்து நடக்காதே, மயக்கம் வரும். பையில மிட்டாய் இருக்கு, இதோ மாடிக்கு எடுத்துட்டு வரேன்."

சொப்பனம் அப்படியே நின்றுவிட்டான்.

"எத்தனை குறைஞ்சுதா? ரெண்டு."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எண்ணினது யாரா? அம்மாதாண்டி எண்ணினேன். மூணு தடவை எண்ணினேன்."