பொதுவாகக் காலில்

வேங்கிக்கால் பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு வாரத்துக்குப் பிறகு வெயில் விழுகிறது. மலைச்சரிவிலிருந்து வீடுகளுக்குள் இறங்கிய மழைச்சேற்றை அள்ள வந்து, இங்கேயே தங்கியிருக்கும் பதினோரு பேர் நர்ஸ் மஹ்பூபாவின் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆள் ஆதிமூலம் தொடைகளை அகட்டிக்கொண்டு, குதிரையிலிருந்து இப்போதுதான் இறங்கியவர்போல் நிற்கிறார். நடக்க முடியாதவர்களை மத்தியான வேனில் ஊருக்கு அனுப்பப்போகிறார்கள். ஐந்து நாளாக ஆதிமூலம் சேறு அள்ளும் வீட்டில் இன்னும் கதவே தெரியவில்லை; அதைப் பாதியில் விட்டுப் போக அவருக்கு மனமில்லை. “எங்கண்ணே அரிப்பு?” “கால்ல, சிஸ்டர்.” “கால்ல எங்க?” “பொதுவா கால்ல.” பின்னாலிருந்து கோபி, “அண்ணனுக்குக் கால் ரொம்ப மேலருந்து ஆரம்பிக்குது, சிஸ்டர்” என்கிறான். “உனக்கு எங்கடா?” என்கிறார் ஆதிமூலம், திரும்பாமலே. “எனக்கும் கால்தான்.” மஹ்பூபா சேற்றுப்புண்ணுக்கான ஊதா மருந்தைத் திறக்கிறாள். அவர் நீட்டும் பாதத்தில், விரலிடுக்கில்கூட ஒரு புண் இல்லை. பாதத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவளின் கண் துணிக்கொடிக்குப் போகிறது. அங்கே இரண்டே லுங்கிகள் காய்கின்றன. “அது யாரோடது?” “யார் குளிச்சிட்டு வர்றாங்களோ அவங்களோடது. எது காஞ்சிருக்கோ அதக் கட்டிப்போம்.” அவள் பாட்டிலை மூடிவிட்டுப் படர்தாமரைக் களிம்பு டப்பாவை இழுக்கிறாள். “அப்ப பதினோரு பேருக்கும் ஒரே எடம்தான். இதப் போட்டா நடக்கலாம், வேன் வேணாம்.” பதினோரு பேரும் ஒரே நேரத்தில், பக்தி முற்றியவர்கள்போல் மலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். மலையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆதிமூலம் மேசைப்பக்கம் கையை நீட்டுகிறார்.