தகட்டுக் காது

தொண்டையில் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து பூபாலன் ஒரு வார்த்தை பேசவில்லை. இனிமேல் பேசலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வாயைத் திறந்து குரல் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவர்தான் மூடியே வைத்திருந்தார். அந்தப் பயத்தைப் போக்கவே தெய்வானை கணவரை இந்தக் கடற்கரை நகரத்துக்கு அழைத்து வந்திருந்தாள். கடலோரத்து முருகன் கோயில், மியூசியத்தின் குளிர்ந்த கூடம், மெட்ரோ ரயில் என்று காலையிலிருந்து சுற்றினார்கள். எல்லாவற்றுக்கும் அவர் தலையை மட்டுமே ஆட்டினார்.

கடைசியாக மாதா கோயில். நோய்ப்பட்ட உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது அங்கே நேர்ச்சை. வாசல் கடையில் கண்ணும் காலும் இதயமும் வெயிலில் மின்னிக்கொண்டு தொங்கின.

“தொண்டை இருக்காம்மா?”

“தொண்டை தனியா வராதுக்கா. முழு ஆளு இருக்கு, தரட்டா?”

“முழு ஆளு என்கூடத்தான் நிக்குது.”

தெய்வானை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு காதை எடுத்தாள்.

“காது யாருக்குக்கா?”

“எனக்குத்தான்.”

காதை உண்டியலில் போட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கடலைப் பார்க்க நடந்தாள். அவர் பின்னால் வந்தார். அலைச்சத்தத்துக்கு நடுவே, துருப்பிடித்த கதவு மெல்லத் திறப்பதுபோல ஒரு குரல் கேட்டது.

“ஏ புள்ள, எவ செருப்பப் போட்டுக்கிட்டுப் போற?”

தெய்வானை குனிந்து பார்த்தாள். காலில் யாருடையதோ, பூ வைத்த பச்சைச் செருப்பு. அவள் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே நின்றாள்.

“காதுல விழலீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க.”