மதிலில் இருந்த கல்

ராஜா மட்டுமே வேட்டையாடிய காடு அது. அரசாங்கம் அதைப் பொதுப் பூங்காவாக்கி மதிலை இடித்தபோது, ஒரு கருங்கல் அணிலிடம் புலம்பியது.

"இத்தனை காலமா ஒருத்தரையும் உள்ளே விட்டதில்லை. ஜனங்க அந்தக் கோபத்துல என்னை உடைச்சு ஜல்லியாக்கிடுவாங்க."

யாரும் உடைக்கவில்லை. புங்கமரத்து நிழலில் பெஞ்சாகப் போட்டார்கள்.

மறுநாள் கீரைக்காரி செங்கமலம் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"இதுல உட்காரலாமாங்க?" என்று தோட்டக்காரரிடம் கேட்டாள்.

"நம்ம பூங்காதாம்மா, தாராளமா உட்காரு."

கூடையை இறக்கிவைத்தாள். "அப்பாடா!" என்று கல்லிலேயே தலைசாய்த்துப் படுத்தாள்.

அணில் ஓடிவந்தது. "என்ன அண்ணே, ரொம்பப் பாரமா இருக்கா?"

"மெதுவாப் பேசுடா" என்றது கல். "என்னை நம்பித் தூங்குறாங்க."