சந்தனப் பொட்டு வைத்த திரை

அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சிறு திரையில் அந்த வீட்டு ஆணின் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனின் அளவு ஒளிரும்; அளவு சரியாக இருந்தால் பச்சை. திரவியத்தின் எண் எப்போதும் பச்சைதான். அவன் அம்மா தினமும் கோலம் போட்டதும் அந்தத் திரைக்குச் சந்தனப் பொட்டு வைப்பாள்.

அன்றும் வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரி கேட்கும்படி மருமகள் வடிவிடம் சொன்னாள்: "என் மவன் நம்பர் பச்சையாத்தான் இருக்கு. இன்னும் பிள்ளை இல்லன்னா குறை யாருகிட்டன்னு ஊருக்கே தெரியும்."

வடிவு கணவனைப் பார்த்தாள். படுக்கையில் அவனுக்கு விறைப்பு வராதது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பச்சை எரியும்போது டாக்டரிடம் என்னவென்று சொல்வது என்று இத்தனை நாளும் தட்டிக் கழித்தவன் அவன்.

திரவியம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையை மூடினான்.

"எனக்குத்தாம்மா முடியல."

"நம்பர் நல்லாத்தானல இருக்கு?"

"நம்பர் மட்டும் இருந்தாப் போதுமா அத்தே? ரத்தம் ஓடணும்லா!" என்றாள் வடிவு. "இவியளுக்குக் காலும் மரத்துப்போவுது. ரெண்டும் சுகராலயான்னு டாக்டர்கிட்ட பாக்கப் போறோம். நாங்க வார வரைக்கும் அந்தத் துண்ட யாரும் தொடக் கூடாது."

மாலையில் இருவரும் திரும்பியபோது துண்டு அப்படியே கிடந்தது. எதிர்வீட்டுத் திரையை ஒரு பழைய சேலை மூடியிருந்தது.